எச்சில் காற்று

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. டாக்சி ஸ்டாண்டில் அவர் ஜன்னல். தலை நரைத்த பிறகு கொஞ்சம் மரியாதை சேர்ந்து ஜன்னல் அண்ணன் ஆனார், அவ்வளவே. வீட்டுக்காரருக்கும் பஞ்சர் ஒட்டுபவருக்கும் அவர் ஜன்னல்தான். அவர் மனைவியிடம் துணி கொடுக்க வருகிறவர்கள்கூட, "ஜன்னல்காரர் வீடு எது?" என்றுதான் விசாரிப்பார்கள். எந்த வீட்டில்தான் ஜன்னல் இல்லை என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

பெயர் வந்த காரணம் ஊரறிந்தது. அவர் காரில் நான்கு கண்ணாடிகளும் எப்போதும் இறங்கியே இருக்கும். மழை அடித்தால் நாலு விரல் அளவுக்கு ஏற்றுவார், அதுவும் மனசே இல்லாமல். காரில் ஏசி இருந்தது. அதைப் போடச் சொல்லும் சவாரிக்கு முதலில் ஒரு பிரசங்கம் கிடைக்கும்.

"சார், இந்த பட்டனைப் பாருங்க. கார் படம் போட்டு, உள்ளுக்குள்ளயே வளைஞ்சு சுத்துற அம்புக்குறி. என்ன அர்த்தம் தெரியுமா? நீங்க விட்ட மூச்சை நான் இழுக்கணும், நான் விட்டதை நீங்க இழுக்கணும். எச்சில் காத்து சார் அது. ஒருத்தர் கடிச்ச பழத்தை இன்னொருத்தர் தின்னுவோமா?"

சிலர் சிரித்துவிட்டு வியர்த்துக்கொண்டே வருவார்கள். சிலர் இறங்கி அடுத்த வண்டியைப் பார்ப்பார்கள். போகட்டும் என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரோடு வாதாடலாம். இவர் முயலுக்குக் காலே கிடையாது என்பவர்.

இந்த மனிதரைக் கோமாளி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கெட்ட பழக்கம் ஒன்றுகூடக் கிடையாது. வண்டியில் யாராவது மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க வீடு தேடி அலைவார். மனைவிமேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் எல்லாமே வந்தது என்பதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

மனைவி தையல்காரி. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவர் மட்டும் செல்லமாக "தையலு" என்பார். தலையணை உறை, மெத்தை உறை, பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடைத்துத் திரும்பத் தைப்பது எல்லாம் அவள் வேலை. குடியிருந்தது ஒரு அறையும் அதோடு ஒட்டிய சமையலறையும். தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. அந்த ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். வெளிச்சம் வேண்டுமானால் பகலிலும் பல்பைப் போட வேண்டும். பஞ்சுத் துகள் அந்த வெளிச்சத்தில் பறந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டில் விழும், தலைமுடியில் ஒட்டும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மாவுக்கு நரைத்துவிட்டது என்று அழுதிருக்கிறாள்.

மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன வருடத்தில் இருமல் பிடித்தது. முதலில் சளி என்றார்கள். அப்புறம் இழுப்பு. தெருமுனையில் இருந்த ஒரு டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார், மருந்து எழுதினார், நிமிராமலே ஒரு வார்த்தை சொன்னார்.

"நல்ல காத்து படுற மாதிரி இருங்கம்மா."

ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க இந்த ஒரு வரி போதும். நல்ல காற்று எங்கே கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேட்பானேன்? ஜன்னல்காரருக்குத் தெரியாத காற்றா!

அன்று சாயங்காலமே அவளை வண்டியின் முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். அப்புறம் அது தினசரி வழக்கமானது. ஆபீஸ்கள் விடும் நேரம், டாக்சிக்காரனுக்கு அறுவடை நேரம். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்துக்காகத்தான் நாள் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடப்பார்கள். இவரோ கை காட்டுகிறவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார். தையல்காரி முகம் கழுவி, புடவை மாற்றி, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு வெளியே வருவாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "காத்து வாங்கப் போறோம்" என்பாள், ஒரு பெருமையோடு. உலகத்தில் காசு கொடுக்காமல் வாங்கக்கூடியது அது ஒன்றுதான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

போவது மேம்பாலத்துக்கு. உயரமான இடம், காற்று நன்றாக அடிக்கும் என்பது அவர் கணக்கு. பாலத்தின்மேல் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஊரும். முன்னால் பஸ், பக்கத்தில் லாரி. தையல்காரி கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் தொங்குகிறவர்களைப் பார்ப்பாள், பைக்கில் சண்டை போட்டுக்கொண்டே போகும் ஜோடிகளைப் பார்ப்பாள். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்த கண்ணுக்கு அது திருவிழா. அவர்களுடைய பேச்செல்லாம் அந்தப் பாலத்தில்தான் நடந்தது. மகளுக்குக் குழந்தை தங்காமல் போனபோது அங்கேதான் அழுதாள். வீட்டில் மூண்ட சண்டை பாலத்தின் பாதியில் தீர்ந்துவிடும். கீழே இறங்கும்போது ஒரு கடையில் ஒரே டீயை வாங்கி ஆளுக்குப் பாதியாகக் குடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தால் இருமல் தொடங்கும்.

"பாத்தியா? வெளியே இருக்கிறவரைக்கும் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஆரம்பிக்குது. இந்த வீடுதான் உனக்கு எமன்" என்பார் அவர். மறுநாள் பாலத்தில் இரண்டாவது ரவுண்டு சுற்றுவார். இருமல் கூடினால் ரவுண்டும் கூடும். நோய்க்கு மருந்து என்று நினைத்து நோயையே கரண்டி கரண்டியாக ஊட்டினார். வருடக்கணக்கில், ஒரு நாள் தவறாமல்.

ஒரு விடியற்காலையில் அவளால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே ஒரு பெண் டாக்டர், மகள் வயதுதான் இருக்கும். மாஸ்க் வைத்து, ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பஞ்சு வேலையைப் பற்றிக் கேட்டார். அதைக் குறைக்க வேண்டும், செய்தால் முகத்தை மூடிக்கொண்டு செய்ய வேண்டும் என்றார். அப்புறம் கேட்டார்:

"வெளியே போறதுண்டா?"

ஜன்னல்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "தினமும் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறேன் டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல."

"நல்லது. எங்க, பார்க்குக்கா?"

"மேம்பாலத்துக்கு. நம்ம கார்லயே. நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு."

டாக்டரின் பேனா நின்றது. "எந்த நேரத்துல?"

"ஆபீஸ் விடுற நேரம்."

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ஐயா, முன்னாடி நிக்கிற பஸ்ஸோட சைலன்சர் எங்க இருக்கும்? உங்க வண்டி மூக்குக்கு நேரா. அதுலேருந்து வர்றது எங்க போகும்னு நினைச்சீங்க? நகராம நிக்கிறப்ப அத்தனையும் உங்க வண்டிக்குள்ளதான். கார்ங்கிறது ஒரு பெட்டி. புகை வந்தா சீக்கிரம் வெளியே போகாது. ரோட்டை விட்டுத் தள்ளி நடந்து போறவங்களைவிட, நெரிசல்ல கார்ல உக்காந்திருக்கிறவங்க பல நேரம் அதிகமா இழுக்கிறாங்க."

ஜன்னல்காரர் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்ப நான்தான்..."

"நீங்க தெரிஞ்சு செய்யல" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறுதலில் எத்தனையோ வகை உண்டு. இது அறுக்கிற வகை.

பிறகு அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முடிந்தவரை அந்த நேரத்தில், அந்த ரோட்டில் போகாதீர்கள். சுற்றானாலும் உள்தெரு வழியாகப் போங்கள். பஸ், லாரி பின்னால் ஒட்டி நிற்காதீர்கள், இடம் விட்டு நில்லுங்கள். நெரிசல் என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அம்புக்குறி உள்ளே வளைகிற பட்டனைப் போடுங்கள்.

ஜன்னல்காரருக்கு அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அது எச்சில் காத்து டாக்டர்."

"உங்க சம்சாரத்தோட எச்சில்தானே? பஸ்ஸோட எச்சிலுக்கு அது எவ்வளவோ மேல்" என்றார் டாக்டர். "ஆனா ரொம்ப நேரம் மூடியே வச்சிருக்காதீங்க. நீங்க விடுற மூச்சே உள்ள சேர்ந்து தலை கனக்கும், தூக்கம் வரும். வண்டி கம்மியான இடமா பாத்து அப்பப்ப திறந்து விடுங்க."

வாசனைக்காகத் தொங்கவிட்டிருந்த பாட்டிலையும் எடுத்துவிடச் சொன்னார். ஏசிக்கு ஒரு ஃபில்டர் இருக்குமே, எப்போது மாற்றினீர்கள் என்றும் கேட்டார். போடாத ஏசிக்கு ஃபில்டர் இருக்கிறது என்பதே ஜன்னல்காரருக்கு மறந்து போயிருந்தது.

அன்றைக்கே டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி அதை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது அடுப்படிக் கரித்துணியாக வந்தது. மடிப்புக்குள் சருகு, செத்த பூச்சி, பிசுபிசுப்பான கறுப்பு. விரலால் தேய்த்தார், போகவில்லை. ஜன்னலைத் திறந்து போட்ட வண்டியில் ஃபில்டர் இருந்தென்ன, இல்லாமலென்ன? இதன் வழியாக வராமல் நேராக அவள் நெஞ்சுக்குள் போனது எவ்வளவு இருக்கும்? அந்தக் கறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். ஸ்டாண்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை.

மதம் மாறியவன் ஐந்து வேளை கும்பிடுவான் என்பார்கள். ஜன்னல்காரர் அப்படி மாறினார். புது ஃபில்டர், கூடுதல் விலையுள்ள கரி போட்ட வகை. சிக்னலில் முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே இன்னொரு கார் நுழையும் அளவு இடம் விட்டார். பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடித்துப் பரம்பரையையே திட்டுவார்கள், அசையமாட்டார். ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் குறட்டை விடுகிறவர்களின் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். அவர்களில் மொட்டை என்று ஒரு டிரைவர், பேச்சு பிளேடு மாதிரி வெட்டும்.

"அண்ணே, நேத்து வரைக்கும் ஜன்னலைத் திறடா திறடான்னு உயிரை வாங்கினீங்க. இன்னைக்கு இன்ஜினை நிறுத்து, ஜன்னலை மூடுன்னு வாங்குறீங்க. என் உயிர்மேல உங்களுக்கு என்னண்ணே அப்படி ஒரு கண்ணு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல்காரர் சிரிக்கவில்லை. "உன் பொண்டாட்டியை எத்தனை நாள் இதுல ஏத்திருக்கே?" என்று கேட்டார். மொட்டை இன்ஜினை நிறுத்தினான்.

வெளியாட்களைத் திருத்துவது சுலபம். தையல்காரியைத் திருத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாலத்துக்குப் போவதை நிறுத்தலாம் என்றதும் அவள் முகம் செத்துவிட்டது.

"அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தாங்க நான் மீதி நேரத்தை ஓட்டுறேன்."

சரி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார். போனார்கள். வெளியே அத்தனை பேரும் வாயசைத்தார்கள், சத்தம் இல்லை. ஊமைப் படம் பார்ப்பது போல இருந்தது. எச்சில் காற்று என்று அவர் முகம் சுளித்தபோது அவள்தான் கேலி செய்தாள்: "தினம் உங்க எச்சில் டீயைக் குடிக்கிறேன், காத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?" ஆனாலும் பாலத்தின் நடுவில் அவள் விரல் தானாகக் கதவுப் பட்டனுக்குப் போகும். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கும். அவர் தன் பக்கத்துப் பட்டனால் ஏற்றுவார். அவள் இறக்குவாள். அவர் ஏற்றுவார்.

"காத்து வாங்க வந்தோமா, காத்தை அடைக்க வந்தோமா?" என்பாள்.

"உன் நல்லதுக்குத்தான் தையலு."

"முன்னாடியும் என் நல்லதுக்குத்தான் திறந்தீங்க."

அவர் கியரை மாற்றி வண்டியை ஓர் அடி நகர்த்தினார்.

கடைசியில் பாலத்தை விட்டார்கள். ஊருக்கு வெளியே குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் மரங்கள் நின்ற ஒரு ரோடு இருந்தது. வண்டி நடமாட்டம் கிடையாது. காலையில் அங்கே கொண்டுபோய் இன்ஜினை நிறுத்திவிட்டு நாலு கண்ணாடிகளையும் இறக்கினார். சுத்தமான காற்று, சந்தேகமில்லை. தையல்காரி கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தாள்.

"இங்க பாக்குறதுக்கு ஒரு ஆள்கூட இல்லையேங்க" என்றாள்.

ஆனாலும் வந்தாள், அவருக்காக. சில மாதங்கள் இருமல் குறைந்தது. மூச்சு வாங்காமல் படியேறினாள். ஒரு நாள் பாட்டுகூட முணுமுணுத்தாள். ஜன்னல்காரர் அதை மகளுக்கு போன் போட்டுச் சொன்னார். "அம்மாவை நான் மீட்டுட்டேன்டா." டாக்டர் மட்டும் அவசரப்படவில்லை. போனதில் கொஞ்சம் திரும்பும், மீதி திரும்பாது, ஒரு சாதாரண ஜலதோஷம்கூட இவர்களுக்கு ஆபத்து என்று எச்சரித்திருந்தார். நல்ல நாளில் கேட்ட எச்சரிக்கை யார் காதில் ஏறும்?

ஜலதோஷம் வந்தது. எல்லோருக்கும் வருகிற மாதிரிதான் வந்தது. அடுத்த சில நாட்களில் நெஞ்சில் இறங்கியது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த ஜன்னல்காரர், அவள் மிஷின்மேல் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம். டாக்டர் கொடுத்திருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அடித்தார், திரும்ப அடித்தார். ஆம்புலன்சுக்கு போன் போட்டார். வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். வாசலில் கார் நிற்கும்போது எதற்குக் காத்திருப்பது என்று அவளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார்.

உள்தெருவிலேயே போனால் காற்று பரவாயில்லை, ஆனால் சுற்று. ரயில்வே சுரங்கப்பாதை வழியாகப் போனால் புகை, ஆனால் பாதித் தூரம். ஆஸ்பத்திரிதான் முக்கியம் என்று சுரங்கப்பாதையில் இறங்கினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, அம்புக்குறி பட்டனை அமுக்கினார்.

பாதி தூரம் போனதும் முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒரு லாரி நடுவில் பழுதாகி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு லாரி, அப்புறம் இவர். பின்னால் நொடியில் அடைத்துக்கொண்டது. ஒருத்தன்கூட இன்ஜினை நிறுத்தவில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே புகை வெள்ளையாகத் தேங்கியது. ஹார்ன் அடித்தார், கத்தினார், கும்பிட்டார். மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து கும்பிட்டால் யாருக்குத் தெரியும்?

தையல்காரி கதவைத் தடவினாள். கண்ணாடி இறங்கியது. புகை உள்ளே புரண்டு வந்தது. அவர் உடனே ஏற்றினார்.

"திற... திறங்க..."

"வேணாம்மா. வெளியே பூரா புகை. உள்ளதான் நல்லா இருக்கு. கொஞ்சம் பொறு."

அவள் மறுபடி பட்டனை அழுத்தினாள். அவர் கதவில், அவர் விரலுக்கு அடியில், மற்ற கண்ணாடிகளைப் பூட்டும் பட்டன் ஒன்று இருந்தது. சவாரி வரும் வாண்டுகள் தலையை வெளியே நீட்டாமல் இருக்க வைத்தது. அதை அமுக்கினார். அவள் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். கண்ணாடி அசையவில்லை. அப்போது அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அத்தனை வருட வாழ்க்கையில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"காத்து வேணும்ங்க... கொஞ்சம்..."

"தரேன்டி, வெளியே போனதும் தரேன். டாக்டர் சொன்னாங்கல்ல? என் கண்ணுல்ல?"

கையால் கண்ணாடியை அடித்தாள். காலால் கதவை உதைத்தாள். அவர் ஒரு கையால் இன்ஹேலரை அவள் வாயில் வைத்தார், அவள் தட்டிவிட்டாள். திறந்துவிடு என்று அவர் கை துடித்தது. திறந்தால் செத்துப்போவாள் என்று மண்டை சொன்னது. ஊரெல்லாம் திறக்காதே என்றபோது திறந்து வைத்தவர், பெற்ற பிள்ளை போலக் கெஞ்சுகிறவளுக்குத் திறக்கவில்லை. கண்ணீர் கொட்டியது. பட்டன்மேல் இருந்த விரலை எடுக்கவே இல்லை. மூடி ரொம்ப நேரம் ஆகிவிட்டதா, உள்ளே இருக்கும் காற்று கெட்டுவிட்டதா என்று நடுவில் ஒரு பயமும் வந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவருக்கு அப்போதும் தெரியாது, பிறகும் தெரியவில்லை.

யாரோ லாரியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். வரிசை நகர்ந்தது. அதற்குள் தையல்காரி உதைப்பதை நிறுத்தியிருந்தாள். தலை அவர் தோள்பக்கம் சாய்ந்திருந்தது. மருந்து பிடித்துவிட்டது, கொஞ்சம் ஆசுவாசம் என்று நினைத்தார். "அவ்வளவுதான், அவ்வளவுதான், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். மேட்டில் ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும், சொன்ன சொல் தவறாமல், நாலு கண்ணாடிகளையும் இறக்கினார். காற்று வந்தது. அவள் முடி பறந்தது.

அவசரப் பிரிவு வாசலில் ஓடி வந்த நர்சிடம் அவர் நிம்மதியாகத்தான் சொன்னார்.

"இப்பதான் சிஸ்டர் அடங்கிச்சு. அதுவரைக்கும் கையைக் காலை உதைச்சுட்டே இருந்தா."

அடங்கியது என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். அவர் ஒன்றை நினைத்துச் சொன்னார். நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அவரைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே ஓட்டினார்.

ரொம்ப நேரம் முயன்றார்கள். பிறகு அந்தப் பெண் டாக்டர் வெளியே வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஜன்னல்காரர் கேட்டுக்கொண்டார். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார், அந்தப் பூட்டு பட்டன் உட்பட.

"நீங்க செஞ்சது சரிதான்" என்றார் டாக்டர். "திறந்திருந்தா இன்னும் மோசமாயிருக்கும். மூடி வச்சதால இது நடக்கல. நெஞ்சு ஏற்கெனவே இறுகிப்போயிருந்தது."

"கெஞ்சினா டாக்டர்."

"தெரியும்."

"எப்படியும் போகப்போறான்னு தெரிஞ்சிருந்தா திறந்துவிட்டிருப்பேனே. கேட்டதைக் குடுத்த மாதிரியாவது இருந்திருக்குமே."

டாக்டர் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். அவர் முதுகில் கை வைத்தார், உள்ளே யாரோ கூப்பிட்டதும் எழுந்து போனார். படிப்பிலும் அதற்குப் பதில் இருக்காது, வேறு எதிலும் இருக்காது. சரியானதைச் செய்ததற்கு இப்படி ஒரு கூலி கொடுக்கிற உலகத்தை என்னவென்று திட்டுவது?

சட்டைப்பையில் போன் அடித்தது. மகள். மத்தியானச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு அவள் வழக்கமாக அம்மாவிடம் பேசுவாள். அம்மா எடுக்காததால் அப்பாவுக்கு அடித்திருக்கிறாள்.

"என்னப்பா, அம்மா போனை எடுக்கல? ஜலதோஷம் எப்படி இருக்கு? பேசுங்கப்பா... அப்பா?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சொல்ல எத்தனையோ வழி இருந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம், நெஞ்சு இறுகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"அம்மா என்கிட்ட காத்து கேட்டாடா" என்றார். "நான் குடுக்கல."